விழுந்த தென்னையிலிருந்து ஒரு கூரை: புயலுக்குப் பின் கீற்றுக் குடில் கட்டும் முறை

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. வீடு இழந்தவர்களின் காலடியிலேயே கூரைக்கு வேண்டியது கிடந்தது. நிவாரணத் தார்ப்பாய்க்குள் பகலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் கீற்றின் அருமை தெரியும். 10க்கு 12 அடியில் ஒரு குடில் கட்டும் முறை இது.

1. முதலில் கீற்று. பச்சை மட்டையை நடுவே கீறி இரண்டாகப் பிளந்து, இரண்டு மூன்று நாள் குளத்தில் ஊறப்போடுங்கள். ஊறாத ஓலை மடக்கும்போதே கிழியும். பிளந்த பாதியைத் தரையில் போட்டு, மட்டையைக் காலால் அழுத்திக்கொண்டு, ஒன்று விட்டு ஒன்றாக ஓலையை எதிர்ப்பக்கம் மடக்கி, அடுத்தடுத்த ஓலைகளுக்கு மேலும் கீழுமாக நுழையுங்கள். கடைசி ஓலைகளை முடிந்துவிட்டு வெயிலில் காய வையுங்கள். முதல் நாலைந்து கீற்று கோணலாகத்தான் வரும். அவற்றைத் தடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

2. தரையை மண் கொட்டி ஓரடி உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டுங்கள்.

3. மூலைக்கு ஒன்றாக நான்கு சவுக்குக் கால்கள், தரைக்கு மேல் 6 அடி. நடுவில் நீளவாக்கில் 4 அடி இடைவெளியில் இரண்டு கால்கள், 10 அடி உயரம். எல்லாவற்றையும் இரண்டரை அடி ஆழத்தில் நட்டுக் கல்லும் மண்ணும் இட்டு இடியுங்கள். நடுக்கால்கள் மேல் மோட்டுவளை, அதாவது முகட்டில் படுக்கவைக்கும் மரம். அதிலிருந்து நான்கு பக்கமும் கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) இறக்குங்கள். இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரையைவிட இதுவே காற்றுக்குத் தாங்கும். மூலைக்கால்களுக்கு இடையே குறுக்குக் கம்பு கட்ட மறக்கவே கூடாது. வாசல் தெற்கிலோ மேற்கிலோ இருந்தால் வாடைக் காற்றும் (வடக்கு) கொண்டல் மழையும் (கிழக்கு) உள்ளே அடிக்காது.

4. கைமரங்கள் மேல் குறுக்காக ஓரடிக்கு ஒரு வரிச்சு (மெல்லிய கம்பு) கட்டுங்கள். ஊறிய பனை நாரால் கட்டினால் காயக் காய இறுகும்.

5. கீற்றை இறவாணத்திலிருந்து (கூரையின் கீழ் விளிம்பு) மேல்நோக்கி வேயுங்கள். மேல்வரிசை கீழ்வரிசையில் பாதிக்கு மேல் மூட வேண்டும். முகட்டில் இரட்டையாகப் போட்டு, பழைய மீன்வலையை மொத்தக் கூரை மேலும் விரித்து, கயிற்றால் தரையில் முளையடித்துக் கட்டுங்கள்.

அடுப்பு குடிலுக்குள் வேண்டவே வேண்டாம். தள்ளித் தனியாக வையுங்கள். இன்னொரு புயல் எச்சரிக்கை வந்தால் குடிலை விட்டுவிட்டுப் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுங்கள்.