டைரக்ட்னா வழி சொல்றது மட்டுமா? இந்த வினைச்சொல்ல நாம பண்ற தப்புகள்

டீமுக்கு புதுசா வந்த ஒருத்தர் மேனேஜருக்கு அனுப்பின மெயில் ஒண்ணு பாத்தேன், "ஐ டைரக்ட் யூ டு செண்ட் த ஃபைல் டுடே"ன்னு இருந்துச்சு. அவர் மனசுல இருந்தது "இன்னிக்கு அந்த ஃபைல கொஞ்சம் அனுப்பி விடுங்க"ங்கறது தான், ஆனா படிக்கறவருக்கு அது "அனுப்பும்படி உத்தரவிடுகிறேன்"னு தான் கேக்கும். டைரக்ட்னா வழி சொல்றதுன்னு படிச்சுட்டு வர்றோம், அந்த சொல்லுக்குள்ள அதிகாரம் உக்காந்திருக்குன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால தான் இந்த தப்பு திரும்பத் திரும்ப நடக்குது.

அந்த அதிகாரம் வேர்லயே இருக்கு. லத்தீன்ல ரெகெரேன்னு ஒரு வினை, கோணாம நேரா வச்சுக்கறது, நடத்துறது, ஆளுறது எல்லாமே அதுல அடக்கம். அதுக்கு முன்னால ஒரு முன்னொட்டு சேந்து டிரிகெரே ஆச்சு, நேராக்கறது, ஒரு திசை பாத்து செலுத்துறதுன்னு அர்த்தம், அதோட டிரெக்டுஸ்ங்கற வடிவம் தான் இங்கிலீஷ்ல டைரக்ட். ராஜாங்கற சமஸ்கிருத சொல்லும் இதுவும் ஒரே ஆதி வேர்ல வந்தவைனு மொழி ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. கரெக்ட், ரெக்டர், ரெஜிம் எல்லாம் இதுக்கு சொந்தம் தான். சிலர் டை ஆக்ஸைடுல வர்ற டை மாதிரி இதுவும் ரெண்டுன்னு நினைச்சுக்கறாங்க, அது தப்பு, அந்த டை கிரேக்கம், இதுல இருக்கறது லத்தீன் முன்னொட்டு, இங்க ரெண்டுங்கற அர்த்தம் இல்ல.

எனக்கு ரொம்ப புடிச்சது டர்ஜ்ங்கற சொல், ஒப்பாரிப் பாட்டுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல செத்தவங்களுக்காக சர்ச்ல லத்தீன்ல சொன்ன ஜெபத்துல ஒரு பகுதி "டிரிகே"னு ஆரம்பிக்கும், "ஆண்டவரே, என் வழிய உம் பார்வையில செம்மையாக்கும்"னு வேண்டுறது, அந்த முதல் சொல்லே தேஞ்சு தேஞ்சு டர்ஜ் ஆயிடுச்சு. வழி கேக்கற சொல் ஒப்பாரியா மாறின கதை இது, யோசிச்சா மனசு கனத்துப் போகுது.

அட்ரஸும் இதே குடும்பம். அதனால டைரக்டுக்கு ஒருத்தருக்குன்னு குறிச்சு அனுப்பறதுங்கற அர்த்தமும் ரொம்ப பழசு, 14ஆம் நூற்றாண்டுல சாசர்ங்கற இங்கிலீஷ் கவிஞர் ஒரு பெரிய கவிதைய முடிக்கறப்போ இந்தப் புத்தகத்த உனக்கு டைரக்ட் பண்றேன்னு ஜான் கவர்ங்கற இன்னொரு கவிஞர் பேர சொல்லி எழுதியிருக்கார். "டைரக்ட் யுவர் கொஸ்டின்ஸ் டு மீ"ன்னு இப்ப சொல்றோமே, அது இந்த வழி தான்.

சரி, அடிக்கடி பாக்கற குழப்பம் டைரக்ட், கைட், லீட் மூணையும் ஒண்ணுன்னு நினைக்கறது. தமிழ்ல நமக்கு இது தெளிவா தெரியும். நின்ன இடத்துலேருந்து "நேரா போயி லெஃப்ட்ல திரும்புங்க"ன்னா அது வழி சொல்றது, அதான் டைரக்ட். கூடவே வந்து இங்க பாருங்க அங்க பாருங்கன்னு காட்டிட்டே வந்தா கைட், முன்னால நடந்து பின்னால வர வச்சா லீட். ஆக, வாசல்ல நின்னு கைய நீட்டிக் காட்டினவர "ஹீ லெட் மீ டு த ஸ்டேஷன்"னு எழுதினா அவர் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே வந்துட்டார்னு ஆயிடும்.

அடுத்தது "ஹீ டைரக்டட் மீ த ஸ்டேஷன்"னு எழுதறது. நடுவுல டு வேணும், ஏன்னா இந்த வினை திருப்பி விடறது ஆள, இடத்த இல்ல. வழிக்குறிப்புன்னு சொல்ல வந்தா டைரக்‌ஷன்ஸ்னு பன்மைல தான் வரணும், ஒருமைல சொன்னா திசை. டு போட வேண்டிய இடத்துல அட் போட்டாலும் வம்பு தான், ஒரு கமெண்ட் "டைரக்டட் அட் யூ"ன்னா பெரும்பாலும் உங்கள குறி வச்சு சொன்னதுங்கற வாடை அடிக்கும். உச்சரிப்புக்கு சண்டை வேண்டாம், டிரெக்ட், டைரெக்ட் ரெண்டும் சரி.

கோர்ட் உத்தரவ எழுதறப்போ "டைரக்டட் ஹிம் ஃபார் பேயிங்"னு எழுதறாங்க, "டைரக்டட் ஹிம் டு பே"ன்னு தான் வரணும். "டைரக்டட் தட்"னு போட்டா பின்னாடி "ஹீ பே"ன்னு எஸ் இல்லாம வர்றது தான் அந்த நடை, அது எழுத்துப் பிழை இல்ல. அரசாங்க லெட்டர்ல "ஐ ஆம் டைரக்டட் டு ஸ்டேட்"னு ஆரம்பிக்கறதும் இதே உத்தரவு அர்த்தம் தான், மேல இருக்கறவர் சொல்லச் சொன்னார்ங்கறது. மேல யாரும் சொல்லாம நம்ம சொந்த மெயில்ல அத போட்டா அர்த்தமே பொய்யாயிடும்.

சினிமா அர்த்தத்துல நாம பெருசா தப்பு பண்றதில்ல. ஆனா ஒண்ணு கவனிங்க, நாம டைரக்டர இயக்குநர்னு சொல்றோம், அசைய வைக்கறவர்னு அர்த்தம். ஈழத்துல நாடகத்துக்கு நெறியாள்கைன்னு போடுவாங்க, நெறின்னா வழி, ஆள்கைன்னா ஆளுறது, லத்தீன் வேர்ல இருக்கற ரெண்டும் அந்த ஒரே சொல்லுல அப்படியே வந்து நிக்குது.