வரிச் சட்டமூலத்துக்குத் திருத்தம் சொல்லும்போது கணக்காளர்கள் சறுக்கும் இடங்கள்

இலங்கையில் வருமான வரிக்கோ பெறுமதி சேர் வரிக்கோ (VAT) புதிய சட்டமூலம் வருகிறது என்றால் திருகோணமலைக் கணக்காளர்களின் மனுக்கள் பெரும்பாலும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன: வீதத்தைக் குறையுங்கள். முதல் தவறு அதுதான். மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கிறது.

வீதம் அரசின் கொள்கை சார்ந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் நான்கு ஆண்டுத் திட்டத்துக்கு அங்கீகாரம் கிடைத்த பிறகு, அரசின் வருமானத்தைக் குறைக்கச் சொல்லும் எவரும் அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்றும் சொல்லியாக வேண்டும். பதில் இல்லாத மனுவை யாரும் இரண்டாம் பக்கம் வரை வாசிக்கப் போவதில்லை. வரி அதிகம் என்று கொட்பேயில் மீன் வாங்க வந்தவரும் சொல்வார். சட்டம் எந்த இடத்தில் பிசகாக இயங்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டக் கணக்காளரால்தான் முடியும்.

ஓர் உதாரணம். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யவேண்டிய எல்லை 2024 ஜனவரியிலிருந்து ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாய், அல்லது காலாண்டுக்கு 15 மில்லியன் ரூபாய் என்று ஆனது. அந்த 'அல்லது' நிலாவெளிக் கடற்கரை விடுதிக்காரரின் கழுத்தைப் பிடிக்கிறது. கிழக்குக் கடற்கரையில் சுற்றுலாப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரைதான். ஒரு விடுதிக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை 16 மில்லியனும், மீதி ஒன்பது மாதங்களில் 18 மில்லியனும் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மொத்தம் 34 மில்லியன். ஆனாலும் ஒரு காலாண்டு எல்லையைத் தாண்டியதால் பதிவு கட்டாயம். நகரில் மாரி கோடை பாராமல் காலாண்டுக்கு 14 மில்லியன் விற்கும் கடைக்கு ஆண்டுக்கு 56 மில்லியன் வரும். அந்த எல்லைப்படி அதற்குப் பதிவு தேவையில்லை. சிறியவர் உள்ளே, பெரியவர் வெளியே. 2026 வரவுசெலவுத்திட்டம் ஆண்டெல்லையை 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழிந்தது. நான்கால் வகுத்துக் காலாண்டெல்லை வைக்கும் வழக்கம் தொடர்ந்தால், இந்த முரண் இன்னும் சிறிய விடுதிகளையும் பிடிக்கும்.

இந்தக் கணக்கை எழுதியதும் பேனாவை வைத்துவிடுவது அடுத்த தவறு. சட்டவரைஞர் கையில் எடுத்துப் பொருத்தக்கூடிய வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுக்கவேண்டும்: இன்ன பிரிவில், இன்ன உட்பிரிவில், இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள். அதோடு, அதிகாரி எழுப்பக்கூடிய ஆட்சேபத்துக்கும் பதில் கூடவே போகவேண்டும். காலாண்டு அளவுகோலை எடுத்துவிட்டால், ஜூலையில் திறந்த பெரிய வியாபாரம் ஆண்டெல்லையைத் தொடும்வரை பதிவில்லாமல் தப்பிவிடுமே என்பார்கள். தொடங்கி பன்னிரண்டு மாதம் ஆகாத வியாபாரத்துக்கு மட்டும் அந்த அளவுகோல் இருக்கட்டும் என்று எழுதுங்கள். ஆட்சேபத்தை நாமே சொல்லி நாமே பதில் தந்த மனுவுக்குத் தனி மதிப்பு உண்டு.

நடைமுறைக்கு வரும் திகதியைக் கவனிக்காமல் விடுவதும் வழமை. என் கணிப்பில் வீதத்தைவிட அதிகம் வதைப்பது இதுதான். 2022/2023 வரிமதிப்பாண்டை நினைத்துப் பாருங்கள். தனியாட்களுக்கு முதல் ஒன்பது மாதம் ஒரு கணிப்பு, கடைசி மூன்று மாதம் வேறு கணிப்பு. கம்பனிகளுக்கு ஆறு மாதம், ஆறு மாதம் என்று இரண்டு. ஒரே ஆண்டின் இலாபத்தை எந்தத் திகதியில் வெட்டுவது என்று எத்தனை கோப்புகளோடு மல்லுக்கட்டினோம்! புதிய ஏற்பாடு வரிமதிப்பாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 இல் தொடங்கட்டும் என்ற ஒற்றை வாக்கியக் கோரிக்கை அரசுக்குப் பெரிய இழப்பை உண்டாக்காது. அதனாலேயே அது ஏற்கப்படும் வாய்ப்பும் கூட.

பத்திரிகை அறிக்கையை வைத்துக் கருத்து எழுதாதீர்கள். 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்த வருமான வரி மாற்றங்கள் பல, 2021 இன் 10 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது 2021 மே மாதத்தில்தான். அதுவரை எல்லோரும் அறிவித்தல்களை வைத்தே கணக்குப் பார்த்தோம். வர்த்தமானியில் வந்த சட்டமூலத்தை, 2017 இன் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் என்ற மூலச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்கவேண்டும். திருத்தச் சட்டமூலம் தனியாக நின்று ஒன்றும் சொல்லாது. தமிழ்ப் பிரதியோடு நிறுத்திவிடவும் வேண்டாம். பிரதிகளுக்கிடையே முரண் வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று சட்டமே சொல்கிறது. மனுவைத் தமிழில் அனுப்பலாம், அது நம் உரிமை.

எங்கே அனுப்புவது என்பதிலும் குழப்பம் உண்டு. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வரியை அறவிடும் இடம்; கொள்கை நிதி அமைச்சில் உருவாகிறது. மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரிடம் ஒரு பிரதி கொடுத்தால் காரியம் முடிந்தது என்பாரும் உண்டு. வரி விதிக்கும் சட்டமூலத்தை அமைச்சரவையின் அங்கீகாரத்தோடு ஓர் அமைச்சர்தான் கொண்டுவர முடியும் என்கிறது அரசியலமைப்பின் 152 ஆம் உறுப்புரை. உறுப்பினர் விவாதத்தில் பேசலாம், பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவின் காதில் போடலாம். அதற்கு அவருக்குத் தேவை ஒரே பக்கம். இருபது பக்கம் கொடுத்தால் அது காருக்குள்ளேயே கிடக்கும்.

வாடிக்கையாளரின் விவரம் கசிவது நம்மைப் போன்ற சிறிய ஊரில் பெரிய ஆபத்து. பெயரை மறைத்துவிட்டு, 'உப்புவெளியில் பன்னிரண்டு அறை, நீச்சல் தடாகம், கடலைப் பார்த்த உணவகம்' என்று எழுதினால் ஓட்டோச் சாரதிகூட ஆளைச் சொல்லிவிடுவார். இலக்கங்களை மாற்றுங்கள், இடத்தைப் பொதுவாகச் சொல்லுங்கள். கட்டணம் வாங்கி ஒருவருக்காக எழுதுகிறீர்கள் என்றால், பெயரைச் சொல்லாவிட்டாலும், அந்தச் செய்தியை மறைக்காதீர்கள். பொதுநலப் போர்வைக்குள் ஒரே ஒரு வாடிக்கையாளரின் பிரச்சினை இருப்பது பின்னால் தெரிந்தால், அடுத்த மனுவையும் சந்தேகத்தோடுதான் திறப்பார்கள்.

அனுப்பியதோடு மறந்துவிடுவது இன்னொன்று. பாராளுமன்றத்தின் குழுநிலையில் வாசகங்கள் மாறும், பிரிவு இலக்கங்களும் நகரும். சபாநாயகர் சான்றுரை இட்ட பிறகு சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரை அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. சான்றுரைப்படுத்திய சட்டம் வெளிவந்ததும், நீங்கள் எழுதிக் கொடுத்த வாசகத்தை அதோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எது ஏறியது எது விழுந்தது என்று கோப்பில் குறித்து வையுங்கள். அடுத்த திருத்தச் சட்டமூலம் வரும்போது வேலையை அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்கலாம்.