பெல்லட் ஆலை மானியம்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி திட்ட அறிக்கையோடு வந்தார். மரத்தூள் மாதிரி கழிவை அழுத்தி எரிபொருள் குச்சிகளாக்கும் பெல்லட் ஆலை, மணிக்கு 2 டன். வண்ணப் படங்கள், எந்திர கொட்டேஷன், பளபளக்கும் அட்டை, எல்லாம் இருந்தது. நிதி ஆதாரம் எங்கே என்று பக்கத்தைத் திருப்பினேன். வங்கிக் கடன் ஒரு வரி, சொந்தப் பணம் ஒரு வரி, மூன்றாவது வரியில் ‘மத்திய அரசு மானியம்: 42 லட்சம்’. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரி. தொகைதான் வேறு.

ஜிஎஸ்டி எண்ணைச் சரியாகப் போடுங்கள், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திடுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

மானியத்தைக் கையில் இருக்கும் பணமாக எண்ணுவது

புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2022 நவம்பரில் தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தை அறிவித்தது. முதல் கட்டத்துக்கு 858 கோடி ரூபாய். அதில் பெல்லட் ஆலைகளுக்கும், அதையே பெரிய கட்டிகளாகச் செய்யும் பிரிக்கெட் ஆலைகளுக்கும், மணிக்கு ஒரு டன் திறனுக்கு 9 லட்சம் என்று இருந்தது. அதிகபட்சம் 45 லட்சம். என்னுடையது 2 டன் ஆலை. இரண்டொன்பது பதினெட்டு என்று பெருக்கி, அந்த 18 லட்சத்தை என் பங்குத் தொகையில் சேர்த்துவிட்டேன். கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் வந்ததும் பணமே வந்துவிட்ட மாதிரி ஷெட் போட ஆள் வைத்தேன்.

அந்தக் கடிதம் பணம் அல்ல. கடிதம் வந்தபின் ஆலையைக் கட்டி, எந்திரத்தை ஓட்டி, ஆய்வுக்கு ஆள் வந்து பார்த்து, அப்போதைய விதிப்படி சொன்ன திறனில் 80 சதவீதமாவது ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பணம் கிளம்பும். அதுவரை எல்லாச் செலவும் நம்முடையது. என் கணக்கில் 18 லட்சம் துண்டு விழுந்தது. எந்திரக்காரர் மீதித் தொகை இல்லாமல் லாரியை அனுப்ப மாட்டேன் என்றார். வேறு வழியில்லாமல் ரெண்டு வட்டிக்கு வெளியில் வாங்கினேன். மாதம் 36,000 ரூபாய். மானியம் வந்ததும் அடைத்துவிடலாம் என்று ஒரு தைரியம்.

பதினான்கு மாதம் போனது. வட்டி மட்டும் 5 லட்சத்து 4 ஆயிரம். ஒருவழியாக மானியம் விடுவிக்கப்பட்டது என்று தெரிந்து வங்கிக்கு ஓடினேன். நடப்புக் கணக்கில் ஒன்றும் இல்லை. அலுவலர் கணினியைத் திருப்பிக் காட்டினார்: கடன் கணக்கில் அசல் 18 லட்சம் குறைந்திருந்தது. கடன் வாங்கிக் கட்டிய ஆலைக்கு மானியம் அந்தக் கடனில்தான் போய் விழும். விதிமுறையில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, நான்தான் அந்தப் பத்தியைப் படிக்கவில்லை. வெளியில் வாங்கிய 18 லட்சம் அப்படியே நின்றது. வங்கித் தவணை குறைந்ததே என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். ரெண்டு வட்டிக்கு முன்னால் அந்தக் குறைவெல்லாம் ஒரு குறைவா?

இன்றும் இதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. என்மேல்தான்.

தம்பியின் 42 லட்சத்துக்கு வருகிறேன். 2024-இல் தொகையை டன்னுக்கு 21 லட்சமாக, அதிகபட்சம் 105 லட்சமாக உயர்த்தினார்கள். ஆனால் 21 லட்சம் என்பது உச்ச வரம்பு. ஒரு டன் திறனுக்கான எந்திரச் செலவில் 30 சதவீதம், அல்லது 21 லட்சம், இரண்டில் எது குறைவோ அதுதான். தம்பி பெரியதை எடுத்துப் பெருக்கியிருக்கிறார். “அந்த வரியை அடித்துவிட்டு, மானியமே இல்லை என்று வைத்து மறுபடி கணக்குப் போடு” என்றேன். கணக்கு நிற்கவில்லை. “அப்படியென்றால் ஒரு டன் ஆலை போடு.” முகம் சுருங்கிவிட்டது. என்ன செய்வது?

கழிவிலிருந்து எரிசக்தி எடுக்கும் பிரிவில் 2025 திருத்தத்துக்குப் பிறகு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவாணை கிடைத்ததும் பாதித் தொகை வாங்க வழி உண்டு. அதற்கும் வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். அந்த உத்தரவாதத்துக்கு வங்கி நம்மிடம் என்ன கேட்கும் என்பதையும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தை மறப்பது

எனக்குப் பதினான்கு மாதம் ஆனதற்குப் பாதிக் காரணம் இதுதான். எந்திரத்தின் தகட்டில் 2 டன் என்று பொறித்திருக்கும். அது 10, 12 சதவீத ஈரப்பதம் உள்ள பொருளைப் போட்டால். மரத்தூள் பச்சையாக வந்தால் பாதி எடை தண்ணீர்.

கணக்கைப் பாருங்கள். 10 சதவீத ஈரத்தில் ஒரு டன் பெல்லட் என்றால் அதில் 900 கிலோ உலர்ந்த பொருள். பாதிக்குப் பாதி ஈரமான தூளிலிருந்து அதை எடுக்க 1,800 கிலோ தூள் வேண்டும். 800 கிலோ தண்ணீரை விரட்ட வேண்டும். 2 டன் ஆலையில் மணிக்கு 1,600 கிலோ தண்ணீர். தூளைக் காயவைக்கும் என் டிரையர் இதில் பாதிக்குக்கூடத் தாங்காது. செலவைக் குறைக்கிறேன் என்று சின்னதாக வாங்கியிருந்தேன்.

வெயில் காலத்தில் காய்ந்த தூளை வாங்கி அடுக்கியிருந்தால் தப்பித்திருப்பேன். வாங்கப் பணம் இல்லை, வட்டிக்குப் போய்விட்டது. ஆய்வுத் தேதி மழைக்காலத்தில் வந்தது. முந்தின வாரம் நாங்களே ஓட்டிப் பார்த்தோம். தூளை அழுத்தும் துளைத்தகடான டையிலிருந்து பெல்லட் வருவதற்குப் பதில் ஆவி வந்தது, அப்புறம் பொலபொலவென்று தூள். கையில் எடுத்து அமுக்கினால் களிமண் மாதிரி ஒட்டியது. ஆய்வைத் தள்ளிவைக்கும்படி நானே கடிதம் எழுதினேன்.

அப்போது தொடர்ந்து 16 மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். 2025-இல் அதை 10 மணி நேரமாகக் குறைத்திருக்கிறார்கள். ஈரத்தூளைப் போட்டால் பத்து நிமிடமும் தாங்காது.

தூளுக்கான ஆய்வகச் சான்றிதழிலும் ஒரு கண்ணி உண்டு. ஈரப்பதம் எதன் மேல் கணக்கிட்டது என்று பாருங்கள். மொத்த எடையில் 50 சதவீதம் என்பதும் உலர் எடையில் 100 சதவீதம் என்பதும் ஒன்றே. எரிதிறனையும் உலர் அடிப்படையில் போட்டிருந்தால் தாளில் அழகாக இருக்கும், அடுப்பில் இருக்காது.

எந்திரம் ஓட ஆரம்பித்தபின் விண்ணப்பிப்பது

மானியம் போனது போனதுதான்.

ஒரே எந்திரத்துக்கு இரண்டு இடத்தில் மானியம் கேட்பது

எது அதிகம் என்று பார்த்து ஒன்றை எடுங்கள். இரண்டையும் கேட்டுவிட்டு மறைத்தால் வட்டியோடு திருப்பிக் கட்ட நேரிடும்.

பழைய விதிமுறையை வைத்துக்கொண்டு வேலை செய்வது

2022-இல் ஒன்று, 2024-இல் ஒன்று, 2025-இல் இன்னொன்று. முதலில், பெல்லட் வாங்குபவரோடு இரண்டு வருட ஒப்பந்தம் கேட்டார்கள், பிறகு பொதுவான விற்பனை ஒப்பந்தம் போதும் என்றார்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்பை நம்பாமல், ஆணையின் தேதியை முதலில் பாருங்கள். திட்டக் காலமே 2021-22 முதல் 2025-26 வரை என்றுதான் வகுத்தார்கள். விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

முன்பணம் கேட்கும் இடைத்தரகர்

“மானியம் நிச்சயம் சார், நம்ம ஆள் உள்ளே இருக்கார்.” எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பி நேற்று திருத்திய பக்கத்தை அனுப்பியிருந்தார். ஒரு டன் ஆலை, மானிய வரி இல்லை. “இப்போ சரியா அண்ணா?” என்று கேட்டிருக்கிறார். எந்திரப் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு முறை பார்த்தேன். டிரையரைக் காணோம்.