முதலில் வாயால் பாடுங்கள், அப்புறம் கிட்டாரை எடுங்கள்

பல வருடம் வேகத்தையே நம்பி வாசித்தவன் நான். ஒரு நிகழ்ச்சியில் நண்பன் ஒருவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து என் சோலோவை, அதாவது பாட்டின் நடுவே வரும் தனி வாசிப்பை, போனில் பதிவு செய்து கொடுத்தான். நிமிடத்துக்கு 140 பீட், ஒரு பீட்டுக்கு 4 நோட் (சுரம்). அதாவது நொடிக்கு 9-க்கும் மேல். அந்த அரங்கில் ஒரு சத்தம் அடங்கவே 2 நொடி பிடிக்கும். ஏறக்குறைய 18 நோட் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. மாதக்கணக்கில் பழகிய ஓட்டம் அது!

இப்போதெல்லாம் சோலோவை கிட்டார் இல்லாமல்தான் தொடங்குகிறேன். கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் நோட்களை) மட்டும் ஓடவிட்டு, வாய்க்கு வந்ததைப் பாடிப் பார்ப்பேன். மூச்சு வாங்க வாய் நிற்கும் இடத்தில் விரலும் நிற்க வேண்டும். மறுநாள் காலை அந்த மெட்டு எனக்கே நினைவில் இல்லையென்றால், அதை விட்டுவிடுவேன்.

ஏ மைனர், எஃப், சி, ஜி என்று பாருக்கு (தாளத்தின் ஓர் அளவுக்கு) ஒரு கார்டாகச் சுற்றும் 16 பார் சோலோ என்று வையுங்கள். முதல் 4 பாரில் ஐந்தாறு நோட் கொண்ட ஒரு சின்ன மெட்டு, அதற்குப் பின் இடைவெளி. அந்த வெறும் இடம் முதலில் பயமாகத்தான் இருக்கும், கையை அடக்குங்கள். அடுத்த 4 பாரில் அதே மெட்டு, முடிவை மட்டும் மாற்றி. கேட்பவர் 'இது தெரிந்ததாச்சே' என்று பிடித்துக்கொள்வது இங்கேதான். இரண்டாவது தடவை ஜி கார்டு வரும்போது பி நோட்டில் போய் நில்லுங்கள். சோலோவுக்கு வழக்கமாக எடுக்கும் ஐந்து நோட் வரிசையான ஏ மைனர் பெண்டடானிக்கில் அந்த நோட் கிடையாது, கார்டில் உண்டு. அதனால் காதில் தனியாகத் தெரியும்.

மேலே இருக்கும் ஏ, முதல் கம்பி 17-ஆம் ஃபிரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை), மூன்றாவது சுற்று வரை தொடவே கூடாது. முதல் பாரிலேயே அங்கே போய்விட்டால் பிறகு ஏற இடமில்லை. வேகமாக வாசிக்க ஆசையிருந்தால் அந்த உச்சிக்கு ஏறும் ஒரு பாரில் தீர்த்துக்கொள்ளுங்கள். கடைசி 4 பாரில் மறுபடி பழைய மெட்டு.

பெண்டு, அதாவது கம்பியை வளைத்து நோட்டை உயர்த்துவது, சுருதி சேராவிட்டால் இத்தனையும் வீண். இரண்டாம் கம்பியில் 10-ஆம் ஃபிரெட்டை முதலில் அடித்துக் கேளுங்கள். பிறகு 8-ஆம் ஃபிரெட்டிலிருந்து அந்த உயரத்துக்குக் கம்பியை வளையுங்கள். எனக்கு இன்னும் தினமும் பத்து நிமிடம் இதற்கே போகிறது.

சவுண்டு விஷயம் சுருக்கமாக: சோலோவுக்கு கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவை) கூட்டாதீர்கள், வால்யூமையும் மிட்டையும் (நடுத்தர ஒலியையும்) கூட்டுங்கள். எதிரொலிக்கும் அரங்கில் ரிவெர்பை (செயற்கை எதிரொலியை) குறையுங்கள். முதல் 4 பாருக்கு சிம்பலைக் கொஞ்சம் விட்டுவைக்கும்படி டிரம்மரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மேடையில் வழி தவறினால் நான் நேராக முதல் மெட்டுக்கே திரும்பிவிடுவேன். ஒரு தடவை மூன்று முறை அப்படித் திரும்பினேன். திட்டம் போட்டு வாசித்தேன் என்றே பேண்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.