தோசைக்கு எவ்வளவு ஏற்றுவது? கோலாலம்பூர் சிறுகடைகளுக்கு ஒரு விலைக் கணக்கு

பக்கத்துக் கடையில் தோசைக்கு 50 காசு கூடினால் நம் கடையிலும் கூடும். செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பல சிறுகடைகளில் விலைப்பலகை மாறுவது இப்படித்தான். அளவுக்கு மீறி ஏற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவார். போதாமல் ஏற்றினால் மாதக் கடைசியில் வாடகைக்குக் கையைக் கடிக்கும். ஒரு காலைப்பொழுது தராசோடு உட்கார்ந்தால் சரியான எண் கிடைத்துவிடும்.

மாவிலிருந்து தொடங்குங்கள். 1 கிலோ இட்லி அரிசிக்கு 250 கிராம் உளுந்து, கொஞ்சம் வெந்தயம். அரைத்துப் பொங்கிய மாவு கிட்டத்தட்ட 3 கிலோ நிற்கும். கரண்டிக்கு 100 கிராம் என்றால் 30 தோசை. கணக்குக்காக அரிசி கிலோ 5 வெள்ளி (ரிங்கிட்), உளுந்து 10 வெள்ளி, உப்பு வெந்தயத்துக்கு 30 காசு என்று வைப்போம். மொத்தம் 7.80 வெள்ளி, தோசைக்கு 26 காசு. முதல் ஓட்டை கரண்டியில்தான் இருக்கிறது. ஆள் மாறினால் கை அளவும் மாறும். 100 கிராம் 120 ஆனால் 30 தோசை 25 ஆகி, மாவுச் செலவு 31 காசாகும். உளுந்து விலை அசையாமலே 5 காசு போயிற்று. மாவோடு கரண்டியை நிறுத்துப் பார்த்து, எல்லாக் கல்லுக்கும் ஒரே அளவுக் கரண்டி கொடுங்கள்.

சாம்பாரைத் தட்டுக்கு இவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். மூன்று முறை கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. காலையில் வைத்த பானையின் மொத்தச் செலவை அன்று விற்ற தட்டுகளால் வகுங்கள். கொட்டிய மிச்சத்தைக் கழிக்காதீர்கள், அதற்கும் காசு கொடுத்துத்தான் பருப்பு வாங்கினீர்கள். வெங்காயத்தை மூட்டை எடையில் கணக்கிடாமல், அழுகலை ஒதுக்கி உரித்தபின் நிறுங்கள்.

சாம்பார் 22, சட்னி 12, எண்ணெயும் கேஸும் 10 என்று சேர்த்தால் 70 காசு. இந்தச் செலவு விற்பனை விலையில் 35 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 70 காசை 0.35 ஆல் வகுத்தால் 2 வெள்ளி.

இப்போது உளுந்து 14 வெள்ளிக்கு ஏறட்டும். 250 கிராமுக்குக் கூடுவது 1 வெள்ளி, தோசைக்கு 3 காசு சொச்சம். அவ்வளவுதான்! சம்பளத்தைப் பாருங்கள். ஐந்து பேருக்குக் குறைவான கடைகளுக்கும் 2025 ஆகஸ்டு 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆனது. நாலு உள்ளூர் ஆட்களுக்கு மாதம் 800 வெள்ளி கூடுதல். முதலாளியின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பங்கு 13 விழுக்காட்டைச் சேர்த்தால் 904. நாளுக்கு 200 தட்டு, 26 நாள் விற்றால் தட்டுக்கு 17 காசு. உளுந்தைத் திட்டிக்கொண்டே சம்பளத்தைக் கணக்கில் சேர்க்க மறப்பதுதான் நம் கடைகளில் நடக்கும் பெரிய தவறு. அந்த 35 விழுக்காடு பொருளுக்கும் கேஸுக்கும் மட்டும்தான், அதனால் இந்த 17 காசை 0.35 ஆல் வகுக்காதீர்கள், நேராக விலையில் கூட்டுங்கள்.

பருப்பு விலை பெரும்பாலும் டாலரில் பேசப்படுவதால் அமெரிக்கச் செய்தியும் நமக்கு வேண்டும். 2022 ஜூனில் அங்கே பணவீக்கம் 9.1 விழுக்காடு, 40 ஆண்டுகளில் காணாத உயரம். குடும்பங்கள் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் திணறின. அதை அடக்க அவர்களின் மத்திய வங்கி 2022 மார்ச்சில் சுழியத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50 விழுக்காட்டுக்கு ஏற்றியது. கடனில் ஓடும் அங்கத்திய சிறுகடைகளுக்கு அது இரண்டாவது அடி. அதிக வட்டி தேடிப் பணம் டாலர் பக்கம் போக, ரிங்கிட் தளர்ந்து 2024 பிப்ரவரியில் டாலருக்கு 4.80ஐ நெருங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தேறி 4.20க்கும் கீழே வந்தது. ரிங்கிட் தேறும்போது மொத்த வியாபாரியிடம் பழைய விலைக்குக் கேளுங்கள். கேட்காமல் யாரும் குறைப்பதில்லை. ஆனால் எல்லாமே டாலர் அல்ல: 2023 டிசம்பரில் வெங்காயம் ஏறியது இந்தியா ஏற்றுமதியைத் தடுத்ததால்.

பில்களை மாதவாரியாகக் கோத்து வையுங்கள். மிகைலாபத் தடுப்புச் சட்டம் 2011இலிருந்து நடப்பில் இருக்கிறது. ஏன் ஏற்றினீர்கள் என்று அதிகாரி கேட்டால் காட்ட வேண்டியது அந்தத் தாள்களைத்தான். விலை எழுதி வைப்பதும் கட்டாயம். புது விலையைப் பலகையில் எழுதும் நாளிலேயே மேசையிலுள்ள பழைய பட்டியலை எடுத்துவிடுங்கள், இரண்டும் கண்ணில் பட்டால் குறைந்ததைத்தான் கேட்பார்கள்.