டப்பாவைக் கேட்காதீர்கள், பேரலைக் கேளுங்கள்: ஏர் ரைஃபிள் பெல்லட் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசித் திருவிழா நேரத்தில் திருவொற்றியூர் கோயில் பக்கம் பலூன் சுடும் கடையில் நின்றிருப்பீர்கள். கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் கைவிட்டு, அகப்பட்ட பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டைப் போட்டுக் கொடுப்பார். பலூன் வெடித்தால் நம் திறமை, வெடிக்காவிட்டால் துப்பாக்கி சரியில்லை. மூணு நாலு மீட்டர் தூரத்துக்கு அந்த ஞானமே போதும். சிக்கல் என்னவென்றால், சொந்தமாக ஒரு ஏர் ரைஃபிள் வாங்கி 30 மீட்டர், 40 மீட்டர் என்று சுடத் தொடங்கியவர்களும் அதே கிண்ணத்து ஞானத்தோடுதான் பெல்லட் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

என்னுடையது சாதாரண ஸ்பிரிங் ரைஃபிள். பேரலை (குழலை) மடக்கி லோடு செய்வது, 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அங்குலம். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. டிரிகரையோ ஸ்பிரிங்கையோ தொட்டதில்லை. 20 ஜூலுக்குள் சக்தி இருக்கும் .177 ரகத்துக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த மாதிரித் துப்பாக்கியை மனதில் வைத்துத்தான். பெரிய பணம் போட்ட போட்டி ரைஃபிள்காரர்களுக்கு வேறு கவலைகள் உண்டு.

நான் செய்த முதல் தவறு, பெல்லட் டப்பாவில் போட்டிருந்த 'மேட்ச்' (போட்டி ரகம்) என்ற சொல்லை நம்பியது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். அங்கே பயன்படுவது தட்டை மூக்கு பெல்லட். காகிதத்தில் பஞ்சிங் மிஷின் குத்தியது போல வட்டமாக வெட்டும், புள்ளி எண்ணுவது சுலபம். ஒலிம்பிக்காரர்கள் போடுவதை நாமும் போட்டால் ஒலிம்பிக் குறி வரும் என்று ஒரு கணக்கு. வீட்டு நடையில் 10 மீட்டர் அளந்து, கனமான மரப்பெட்டியில் மணல் அடைத்துப் பின்னால் வைத்துச் சுட்டேன். ஐந்தும் ஒரே ஓட்டை. தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூர் தாண்டி உறவினர் ஒருவரின் செங்கல் சூளைக்குப் போனோம். பின்னால் இரண்டாள் உயர மண்மேடு, ஆள் நடமாட்டம் கிடையாது. அதே டப்பா, அதே துப்பாக்கி, 35 மீட்டர். ஐந்து குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. கூட வந்த தம்பி, "அண்ணே, ஸ்கோப்பு ஆடுது போல" என்றான். ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, ஆடவில்லை. தட்டை மூக்கு காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு போகிறது. வேகம் சீக்கிரம் இறங்கும், காற்றுக்கு அதிகமாக ஒதுங்கும், ஏறத்தாழ 25 மீட்டருக்கு மேல் பல துப்பாக்கிகளில் தள்ளாடவும் தொடங்கிவிடும். அந்தத் தூரத்துக்கு உருண்டை மூக்குதான். கூர் மூக்கு பார்க்க ராக்கெட் மாதிரி இருக்கும், கடைக்காரரும் அதைத்தான் முதலில் நீட்டுவார். ஆனால் அந்த ஊசி முனை எல்லாப் பெல்லட்டிலும் சரியாக நடுவில் அமைவது கடினம். ஒரு பக்கம் இம்மி சாய்ந்திருந்தாலும் பறக்கும்போது அது வேலையைக் காட்டும். நான் கூர் மூக்கு வாங்குவதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது மயக்கம் வேகம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் எண் பெரும்பாலும் மிக லேசான உலோகக் கலவைப் பெல்லட்டை வைத்து எடுத்தது. 0.3 கிராம் பெல்லட் விநாடிக்கு 350 மீட்டரில் போனால் அதன் சக்தி சுமார் 18 ஜூல், சட்ட வரம்புக்குள்தான். ஆனால் நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகமும் கிட்டத்தட்ட 350 மீட்டர்தான். ஒலி வேகத்தை ஒட்டிப் பறக்கும்போது இடுப்பு சிறுத்த இந்த வடிவம் நிலைகுலைகிறது. வெறும் சத்தம், குறி இல்லை. போதாததற்கு, முன்னால் தடை குறைவாக இருப்பதால், ஸ்பிரிங் தள்ளிக் காற்றை அழுத்தும் பிஸ்டன் போய் மடேரென்று முட்டும். ஸ்பிரிங்குக்கும் சீலுக்கும் அது நல்லதல்ல.

சரி, கனமாகப் போனால்? அதையும் பார்த்தேன். 0.67 கிராம் பெல்லட் காற்றுக்குக் குறைவாக அசையும், உண்மை. ஆனால் சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கி அதைத் தள்ளித் திணறும். வேகம் குறைவதால் பாதை வளைகிறது. 30 மீட்டரில் சரியாக இருந்த குறி 40 மீட்டரில் எங்கோ கீழே. நடுவில் இருக்கும் 0.5 முதல் 0.55 கிராம் வரையிலான உருண்டை மூக்கு ஈயப் பெல்லட்டில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். நகைக்கடைக் கணக்கில் சொன்னால் நாலைந்து குன்றிமணி எடை. அதில் 17 ஜூல் துப்பாக்கி ஒன்றுக்கு விநாடிக்கு 250 மீட்டர் அளவில் வேகம் கிடைக்கும். 50 மீட்டருக்குள் அது தாராளம்.

இனி எல்லோரும் தாவிவிடும் இடம். நான் டூல் ரூமில் வேலை பார்ப்பவன் என்பதால் இதில் கொஞ்சம் அதிகமாகவே நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

.177 என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒரே அளவு என்று நினைக்கிறோம். செக் நாட்டு ஜேஎஸ்பி, ஜெர்மனியின் எச் அண்ட் என் டப்பாக்களைத் திருப்பிப் பாருங்கள், 4.50, 4.51, 4.52 என்று சின்னதாக ஒட்டியிருக்கும். அது பெல்லட்டின் தலை விட்டம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம். இதற்கா இவ்வளவு என்று சிரிப்பவர்கள் லேத்தில் ஒரு நாள் நிற்கட்டும்.

பேரலின் உள்ளே சுழலாக வரி வெட்டியிருக்கிறது. பெல்லட்டின் தலை அந்த வரிகளின் மேட்டில் லேசாகப் பதிந்து போனால் நேராகச் சுழன்று வரும். தலை சிறுத்திருந்தால் பின்பக்கம் பாவாடை போல விரிந்திருக்கும் ஓரம் மட்டும் பிடிக்கும். தலை உள்ளேயே ஆடிக்கொண்டு வரும். பெல்லட்டைப் பேரல் வழியே கம்பியால் தள்ளி, இதைக் கண்ணால் பார்க்கலாம். துப்பாக்கியை விசையேற்றி வைத்து இதைச் செய்யவே கூடாது. பேரல் மடங்கிய துப்பாக்கியில் ஸ்பிரிங் ஏறியிருக்குமே என்று சந்தேகம் வந்தால், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பேரலைத் தனியாகக் கழற்றியே செய்யுங்கள். பின்பக்கம் ஒரு பெல்லட்டை வைத்து, பேரலைத் துடைக்கும் பித்தளைக் கம்பியால் மெதுவாக முன்பக்கம் வரை தள்ளுங்கள். கையிலேயே தெரியும்: தொடக்கத்தில் ஒரு இறுக்கம், நடுவில் வழுக்கல், முனைக்கு அருகே சில பேரல்களில் மறுபடி ஒரு பிடி. வெளியே வந்ததைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். என் பேரலில் 4.50 போட்டபோது பாவாடையில் கோடுகள் பளிச்சென்று இருந்தன, தலையில் ஒன்றிரண்டு கீறல் மட்டும். 4.52 போட்டபோது தலையைச் சுற்றிலும் சமமாகக் கோடு விழுந்திருந்தது. மைக்ரோமீட்டர் சொல்லாததை அந்தக் கோடுகள் சொல்லிவிட்டன.

அதற்காக நீங்களும் 4.52 வாங்கிவிடாதீர்கள்! நண்பர் ஒருவரிடம் அதே கம்பெனி, அதே மாடல் இருக்கிறது. அவர் துப்பாக்கிக்கு 4.51 தான் ஒத்துவருகிறது, 4.52ஐக் கட்டைவிரலால் அழுத்தித் திணிக்க வேண்டியிருக்கிறது. மொத்தமாகத் தயாராகும் பேரல்கள் ஒன்றுபோல ஒன்று வராது. "எனக்கு இது சூப்பராப் போகுது" என்று யார் சொன்னாலும் அது அவர் பேரலைப் பற்றிய செய்தி.

சோதித்துப் பார்க்கும் விதத்திலும் ஏமாறுகிறோம். புது ரகம் போட்டு மூன்று சுட்டு, மூன்றும் ஒட்டி விழுந்தால் முடிவெடுத்துவிடுகிறோம். மூன்று குண்டு அதிர்ஷ்டத்தில் ஒட்டும். குறைந்தது பத்து சுடுங்கள், அதுவும் இரண்டு மூன்று தடவை. சிதறி விழுந்ததை 'அது என் கை தப்பு' என்று கணக்கிலிருந்து தள்ளாதீர்கள். அந்த ஆசை எல்லோருக்கும் வரும். ரகம் மாற்றியதும் முதல் இருபது முப்பதைக் குறியே பார்க்காமல் மண்மேட்டில் விட்டுவிடுங்கள். பழைய ஈயத்தின் பூச்சு போய்ப் புதியது படிந்த பிறகுதான் பேரல் நிதானத்துக்கு வரும். எந்தத் தூரத்தில் சுடப் போகிறீர்களோ அந்தத் தூரத்தில் சோதியுங்கள். வீட்டு நடையில் வரும் ஒரே ஓட்டை 35 மீட்டரில் செல்லாது, அனுபவம்.

நேரமும் முக்கியம். நம் பக்கம் கோடையில் நண்பகல் வாக்கில் கடல்காற்று ஏறிவிடும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசினால், வேப்பிலை அசையும் அளவுதான் அது, 30 மீட்டரில் உருண்டை மூக்கு பெல்லட்டே சுமார் 3 சென்டிமீட்டர் ஒதுங்கும். பதினோரு மணிக்குப் போய் ஒரு ரகத்தையும் ஒரு மணிக்கு இன்னொரு ரகத்தையும் சோதித்தால் நீங்கள் ஒப்பிடுவது பெல்லட்டை அல்ல, காற்றை. காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிடுவது என் வழக்கம்.

ஸ்பிரிங் துப்பாக்கியை மணல் மூட்டையில் அழுத்தி வைத்துச் சுடுவது இன்னொன்று. அது பெல்லட் வெளியேறும் முன்பே முன்னும் பின்னும் குதிக்கும். விரித்த உள்ளங்கையில் லேசாகத் தாங்கி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தாங்கி, அதன் போக்கில் குதிக்க விடுங்கள். இறுக்கிப் பிடித்துச் சுட்டுவிட்டு நல்ல பெல்லட்டைக் குறை சொல்லித் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பெல்லட்டை வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் இருக்கிறோம். எண்ணூர் பக்கம் உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே கரைகிறது, ஈயம் எம்மாத்திரம்? மூடி சரியாக மூடாத டப்பாவில் நாளடைவில் வெள்ளைப் பொடி பூக்கும். அதை ஊதாதீர்கள், தேய்த்துப் போடவும் வேண்டாம். அந்த டப்பாவை ஒதுக்கிவிடுங்கள். புது டப்பாவிலும் பாவாடை நசுங்கியது சிலது இருக்கும். ஒரு தாளில் கொட்டி உருட்டிப் பார்த்து, கோணலாக உருள்வதைப் பொறுக்கி எடுத்துத் தனியே வையுங்கள். பேரலுக்கு ஈயம் பிடிக்க வைக்கும் அந்த முதல் இருபதுக்கு ஆகும்.

பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஈயம் உடம்பில் சேரும் விஷம். சுட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் உட்காருவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மொட்டைமாடியில் நின்று புறாவையும் காக்கையையும் குறிபார்ப்பவர்களிடம் பெல்லட் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பற்றிப் போலீஸ்காரர் பேசுவார். பக்கத்து மாடியில் துணி காயப்போட வரும் அக்காவை நினைத்தாலே போதும்.

கடைசியாக, ஒத்துவரும் ரகம் கிடைத்ததும் டப்பாவின் அடியில் இருக்கும் லாட் எண்ணை, அதாவது எந்தத் தொகுதியில் தயாரானது என்று சொல்லும் எண்ணைப் பாருங்கள். அதே பெயர், அதே அளவு என்றாலும் வேறு லாட் சில நேரம் வேறு மாதிரி பறக்கும். அதே எண்ணில் நாலு டப்பா சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. நான் ஒரே ஒரு டப்பா வாங்கினேன். மறுமாதம் போனபோது கடையில் வேறு லாட்தான் இருந்தது. மறுபடி மீஞ்சூர், மறுபடி காலை ஆறு மணி.