நெடுநடைக்கான முதுகுப்பை: கடைசியில் வாங்க வேண்டிய பொருள்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. 1955இல் அதைத் தனியாக நடந்து முடித்தபோது எம்மா கேட்வுட்டுக்கு 67 வயது. அவர் தோளில் தொங்கியது தாமே தைத்த ஒரு துணிப்பை. அந்தப் பை நமக்குச் சரிப்படாது. ஆனால் சுமையைக் குறைத்த பிறகே பையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, கூடாரம், உறங்குபை, மாற்றுடை என எடுத்துச்செல்லும் அனைத்தையும் முதலில் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். உணவு, நீர், எரிபொருள் நீங்கலாக, பையையும் சேர்த்து மொத்தம் 9 கிலோவுக்குள் இருந்தால் அதனை எடை குறைந்த சுமை என்றும், 4.5 கிலோவுக்குள் இருந்தால் மிக இலேசான சுமை என்றும் நடையர்கள் வழங்குகின்றனர்.

பையின் கொள்ளளவை நடக்கும் தொலைவு தீர்மானிப்பதில்லை. இலங்கை மலையகத்தின் பீக்கோ டிரெயில் 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டாலும், 22 கட்டங்களாகப் பிரிந்து தேயிலைத் தோட்டங்களையும் ஊர்களையும் தொட்டுச் செல்வதால், விடுதிகளில் தங்கி நடப்பவருக்கு 30 லிட்டர் பையே போதும். கூடாரமும் நான்கைந்து நாள் உணவும் சுமப்பவருக்கு 45 முதல் 55 லிட்டர் வரை தேவைப்படும்.

அடுத்தது அளவு. நான் முதன்முதலில் பை வாங்கியபோது கடைக்காரர் என் உயரத்தை மட்டுமே கேட்டார். இரண்டாம் நாள் மாலைக்குள், இடுப்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றை இறுக்க, சுமை முழுவதும் தோளில் இறங்கி இடக்கை மரத்துப்போயிற்று. பார்க்க வேண்டியது உயரத்தை அன்று, முதுகின் நீளத்தை. தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைத்துத் தெரியும். இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஊன்றி, கட்டைவிரல்களைப் பின்னோக்கி நீட்டினால், அவற்றை இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடும். புடைப்பிலிருந்து அக்கோடு வரை தையல்நாடாவை முதுகின் வளைவோடு ஒட்டவைத்து மற்றொருவர் அளக்க வேண்டும். பெரியவர்கள் பலருக்கு இது 40 முதல் 50 சென்டிமீட்டருக்குள் அமையும். ஒரே உயரமுள்ள இருவருக்கு இந்த அளவு வேறுபடலாம்.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்ப்பது வீண். நீங்கள் சுமக்கப்போகும் எடையை உள்ளே வைத்து, முதலில் இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் இறுக்கி, பிறகே பையின் தோள்வார்களைச் சரிசெய்து, இருபது நிமிடமாவது படியேறி இறங்குங்கள். தோள்வாருக்கு அடியில் இரண்டு விரல்கள் எளிதாக நுழைந்தால், சுமையின் பெரும்பகுதியை இடுப்பு ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

முதுகுப்பக்கம் விறைப்பாக நிறுத்தும் உட்சட்டம் இல்லாத பைகள் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே இருக்கும். அந்த எண்ணில் மயங்க வேண்டாம். மொத்தச் சுமை ஒன்பது, பத்துக் கிலோவைத் தாண்டினால் அவை துவண்டு முதுகை உறுத்தும். சட்டத்துக்காகக் கூடும் சில நூறு கிராமை நான் நட்டமாகக் கருதுவதில்லை.

துணியைப் பொறுத்தவரை 100 முதல் 210 டெனியர் நைலான் பெரும்பாலோர்க்குப் போதுமானது. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுவே டெனியர். எண் கூடினால் நூல் தடிக்கும், பையும் கனக்கும். நீர்புகாத் துணி என்று எழுதியிருந்தாலும் தையல்வழியே மழைநீர் கசியும் என்பதால், தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றை உள்ளே விரித்து, உறங்குபையையும் மாற்றுடையையும் அதற்குள் அடுக்குங்கள்.